பலகை கேட்காத கேள்வி

அத்தியாயம் 3

“இந்தப் புள்ள செய்யல்ல. அது எனக்குத் தெரியும். ஆனா வேற ஆரும் செய்யவும் இல்ல. அதுவும் தெரியும். மிச்சத்த நீங்க கண்டுபுடிங்க, தம்பி.”

தன்னாமுனைப் பக்கத்து மீனவர் சங்கம் ஒன்றின் தலைவர் கனகசிங்கம் தொலைபேசியில் வழக்கை ஒப்படைத்த விதம் இது. துப்பறிவாளன் உதயரூபன் போனை வைத்துவிட்டுச் சாவியை எடுத்தான்.

“என்னவாம் அண்ணன்?” என்றான் முனாப். காத்தான்குடிக்காரன். உதவியாளன். சம்பளம் வாங்குவது துப்பறிய. உழைப்பது பெரும்பாலும் வாயால்.

“ஒரு குற்றம் நடந்திரிக்கு. செஞ்ச ஆள்தான் இல்லையாம்.”

“நல்லதாப் போச்சு. புடிக்கிற வேல மிச்சம்.”

மோட்டார் சைக்கிளில் ஏறினார்கள். இரண்டாவது ஹெல்மெட் இளஞ்சிவப்பு. ஒரு பெண்ணின் அளவு. முனாபின் தலைக்கு அது இறுக்கம். உலகத்தில் உள்ள எல்லாவற்றையும் பற்றிப் பகிடி விடுகிற முனாப், அந்த ஹெல்மெட்டைப் பற்றி மட்டும் இதுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை.

சங்க மண்டபம் வாவியைப் பார்த்துத் திறந்து கிடந்தது. சுவரில் ஒரு பெரிய டிவி. தோணித் துறையில் நின்றாலும் எழுத்து வாசிக்கலாம், அவ்வளவு பெரியது. கணினிக்குத் திரையும் அதுதான். அதைச் சங்கத்தில் பலகை என்பார்கள். விடியற்காலையில் தோணிகள் கரைக்கு வந்ததும் இறாலும் நண்டும் மணலை மீனும் கூறு கூறாகத் தரையில் கொட்டப்படும். எந்தக் கூறு, என்ன நிறை, எந்த வியாபாரி என்ன விலை கேட்கிறார் என்பதைப் பலகை காட்டும். முன்பெல்லாம் வியாபாரிகள் காதோடு காது பேசி விலையை அமுக்கிவிடுவார்கள். பலகை வந்தபின் அது நடக்கவில்லை.

இன்று விடியற்காலை பலகை கறுப்பாக இருந்தது. அதை ஓட்டுகிற மென்பொருளுக்கும் ‘கூறு’ என்றுதான் பெயர். அது கணினியிலேயே இல்லை. அதுவும் பருவத்திலேயே ஆகக் கூடுதலாக இறால் வந்த நாளில். ஏலம் பழையபடி கூச்சலுக்கும் குசுகுசுப்புக்கும் திரும்பியது. விலை விழுந்தது.

மண்டபத்தின் மூலையில் ஒரு கதிரையில் வதனி இருந்தாள். களுவாஞ்சிக்குடிப் பிள்ளை. வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் படித்தவள். பலகையையும் கணினியையும் பார்த்துக்கொள்வது அவள் வேலை. பயிற்சிக் காலம் இன்றோடு முடிகிறது. நாலு மணிக் கூட்டத்தில் அவளை நிரந்தரமாக்குவதாக இருந்தது. இப்போது அதே கூட்டம் அவளை நீக்கிப் பொலிசில் முறைப்பாடு கொடுக்கக் கூடுகிறது.

முறைப்பாட்டை எழுதி வைத்திருந்தவர் செயலாளர் தனோஜன். மடிப்புக் கலையாத சேட். கையில் அலுமாரிச் சாவி.

“வாங்க. கீபோர்ட்ட அலுமாரியில வெச்சுப் பூட்டியிரிக்கன். சாட்சியம்.”

“மௌசுக்கு மட்டும் பிணை குடுத்திட்டீங்க போல,” என்றான் முனாப்.

தனோஜன் சிரிக்கவில்லை. “விசயம் லேசு. நேத்துப் பின்னேரம் இவ ரசீது அடிக்கிற பிரிண்டருக்கு ஒரு மென்பொருள் போட்டிரிக்கா. அதுக்கும் கூறுக்கும் ஒத்துவராது. கணினி ‘கூறு’வ அழிச்சிட்டு மத்தத வெச்சிரிக்கு. ஆனா அழிக்க முதல்ல அது ஒரு கேள்வி கேக்கும். ஓமா, இல்லையா? ஓம் எண்டாத்தான் அழிக்கும்.”

“கேக்கல்ல,” என்றாள் வதனி. காலையிலிருந்து எத்தனையாவது தடவை என்று அவள் குரலே சொன்னது. “கட்டளைய அடிச்சன். தேத்தண்ணி ஊத்தத் திரும்பினன். ஊத்திட்டுப் பாத்தா எல்லாம் முடிஞ்சிரிக்கு. பிரிண்டர் வந்திட்டு எண்டு நானும் மூடிட்டுப் போயிட்டன்.”

“ஆர் கேக்கிறது, ஆர் அழிக்கிறது?” என்றான் உதயரூபன். “எனக்கு முதல்ல இருந்து சொல்லுங்க, தங்கச்சி.”

“பாக்கேஜ் மனேஜர் எண்டு ஒண்டு இரிக்கு, அண்ணன். கணினிக்குள்ள இரிக்கிற கடைக்காரன் மாதிரி. இன்னது வேணும் எண்டு எழுதிக் குடுத்தா கொண்டுவந்து வைக்கும். அதுக்கு இடைஞ்சலா ஏதும் இருந்தா, ‘இதத் தூக்கப் போறன், சரியா?’ எண்டு கேக்கும்.”

“கேக்காம செய் எண்டு சொல்ல ஏலாதா?”

“ஏலும். கட்டளைக்குப் பின்னால ஒரு கோடும் ஒரு எழுத்தும் போட்டா அந்த ஒரு தடவைக்குக் கேக்காது. அது ஒரு ஒப்ஷன். நேத்து நான் அதப் போடல்ல.”

“அதத்தான் நானும் சொல்றன்!” தனோஜன் மேசையைத் தட்டினார். “இவ அடிச்ச கட்டளை அப்பிடியே கணினியில பதிஞ்சிரிக்கு. நானே பாத்தன். கோடும் இல்ல, எழுத்தும் இல்ல. அப்ப அது கேட்டிரிக்கு. கேட்டா, ஒரு ஆள் ஓம் சொல்லியிரிக்கணும். கதிரையில இருந்தது இவ மட்டும்.”

முனாப் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். “இவர் சொல்றதும் சரி. இவ சொல்றதும் சரி. அண்ணன், நான் வீட்ட போகவா?”

“இரு. அலுமாரியத் தொறங்க.”

கீபோர்ட் விடுதலையானது. உதயரூபன் முனாபை உட்கார வைத்தான். “ஏதாவது புதுசா ஒண்டு போடு.”

“சின்னதப் போட்டா கேக்காது,” என்றாள் வதனி. “நாலஞ்சு துணையக் கூட்டிட்டு வாறது ஒண்டப் போடுங்க. அதுக்குக் கட்டாயம் கேக்கும்.”

முனாப் ஒரு கார் ஓட்டும் விளையாட்டைத் தேர்ந்தெடுத்தான். வதனி கட்டளையைச் சொல்லச் சொல்ல அடித்தான். கோடு இல்லை. எழுத்து இல்லை. பலகையில் வரிகள் ஓடின. நின்றன.

விளையாட்டு வந்துவிட்டது. கேள்வி வரவில்லை.

“பாத்தீங்களா!” வதனி கதிரையிலிருந்து எழுந்தே விட்டாள். முனாபை ஒதுக்கிவிட்டுக் கணினியின் அமைப்புகளைத் திறந்தாள். ஒரு கோப்பு, அடுத்தது, அடுத்தது. பிறகு விரல் நின்றது.

“இது நான் எழுதினது இல்ல.”

ஒற்றை வரி. அவள் மொழிபெயர்த்தாள். “எதைக் கேட்டாலும் ஓம். எப்பவும்.”

“அப்பிடியெண்டா?”

“ஒரு தடவைக்குப் போடுற ஒப்ஷன ஆரோ டிஃபோல்ட் ஆக்கியிரிக்காங்க, அண்ணன். இந்த வரி இங்க இரிக்கிற மட்டும் கோடும் எழுத்தும் தேவையில்ல. கட்டளையப் பாத்தாலும் ஒண்டும் தெரியாது. நான் கேக்கும் எண்டு நினைச்சு நிம்மதியா தேத்தண்ணி ஊத்தியிரிக்கன். அது கேக்காமலே வெட்டியிரிக்கு.”

தனோஜன் முறைப்பாட்டுத் தாளைக் கையில் எடுத்தார். “அப்ப இந்த வரியயும் இவதான் எழுதியிரிக்கா. பிறகு ‘கேக்கல்ல’ எண்டு சொல்றதுக்கு. பலகை விழுந்தா ஆருக்கு லாபம்? மஜீட் ஹாஜியாருக்கு. இண்டைக்கு இறால் முழுக்க எடுத்தது அவர். இவவுக்குக் காசு குடுத்திரிப்பார். முடிஞ்சுது கதை.”

“எப்ப எழுதின வரி?” என்று கேட்டான் உதயரூபன்.

வதனி கோப்பின் திகதியைப் பார்த்தாள். முகம் சோர்ந்தது. “ஐப்பசி. அந்த மாசம் நான் ஒரு நாளும் லீவு எடுக்கல்ல.”

“இவ்வளவு நாளும் நீங்க கவனிக்கல்லையா?”

“வாராவாரம் புதுப்பிக்கிறதுக்கு நானே கோடு போட்டுத்தான் அடிப்பன். அதுல கேள்வி வராது. ஐப்பசிக்குப் பிறகு புதுசா ஒண்டு போட்டது நேத்துத்தான்.”

“கடவுச்சொல் ஆருக்குத் தெரியும்?”

“தலைவர்ட தோணிப் பேர். சங்கத்துக்கே தெரியும்.”

“வாவியில இரிக்கிற மீனுக்கும் தெரிஞ்சிரிக்கும்,” என்றான் முனாப்.

“தலைவருக்குமா?” என்று கேட்டான் உதயரூபன்.

தனோஜன் முதல் தடவையாகச் சிரித்தார். “கனகசிங்கத்தாரா? எல்லாத்துக்கும் ஓம் எண்டு எழுத? அவர்ட வாயில ஓம் வந்து கண்ட ஆள் இல்ல. கலியாண வீட்டில சாப்பிட்டீங்களா எண்டு கேட்டாலும் இல்ல எண்டுதான் தொடங்குவார். கைகழுவிட்டு நிக்கக்குள்ளயும்.”

தலைவர் அப்போது மண்டபத்தில் இல்லை. ஐஸ் லொறிக்காரரோடு வீதியில் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார். “இல்ல, இல்ல” என்று காற்றோடு வந்தது.

உதயரூபன் டிவிக்கு அருகே போனான். மேல் மூலைகள் இரண்டிலும் சுவரில் ஆணி அடித்திருந்தது. எதையும் தாங்காத ஆணிகள். ஒன்றில் நீல நூல் ஒன்று சிக்கியிருந்தது.

“இது என்னத்துக்கு?”

“முந்தி ஒரு துணி தொங்கவிடுவாங்க,” என்றாள் வதனி. “பின்னேர வெயில் படாம இருக்கவாக்கும். பிறகு விட்டுட்டாங்க.”

உதயரூபன் நூலை எடுத்துச் சட்டைப் பையில் போட்டான். “முனாப், நாங்க தேட வேண்டியது ‘கூறு’வ அழிச்ச ஆள இல்ல. கேள்விய நிப்பாட்டின ஆள.”

“ரெண்டும் ஒரே ஆளா இருந்தா ஒரு பயணம் மிச்சம்.”

மஜீட் ஹாஜியார் தன் மீன் வாடிக்குள் இருந்தார். சுற்றிலும் இறால் பெட்டிகள். கையில் கொத்தமல்லித் தண்ணீர்.

“அஸ்ஸலாமு அலைக்கும், ஹாஜியார். இண்டைக்கு நல்ல லாபம் போல,” என்று தொடங்கினான் முனாப்.

ஹாஜியார் வாயைத் திறந்தார். காற்று மட்டும் வந்தது. இரண்டாவது முயற்சியில் கொஞ்சம் சத்தம் வந்தது.

“லாபமா? கத்திக் கத்தித் தொண்டை போயிட்டு, மகன். நான் ஒரு விலை கேக்க, பின்னால நிண்டவன் இன்னொண்டு கேக்க, ஏலம் கூறுறவருக்கு ஒண்டும் கேக்கல்ல. என்ட விலைக்கு மேல நானே ரெண்டு தரம் கேட்டிரிக்கன்.”

“உங்களுக்கு நீங்களே போட்டியா?”

“அந்தக் கூச்சலுக்க ஆருக்குத் தெரியும் ஆர் குரல் எண்டு!”

உதயரூபன் கேட்டான், “உங்கட மகன் இஷாம் வழமையா வருவாரே?”

“வருவான். தொண்டை அவனுக்குத்தான். பள்ளியில மைக் இல்லாமலே பாங்கு சொல்லுவான். பலகை இரிக்கே, கத்தத் தேவையில்லையே எண்டு இண்டைக்குக் கொழும்புக்கு அனுப்பிட்டன்.” ஹாஜியார் தண்ணீரைக் குடித்தார். “பலகை போகும் எண்டு தெரிஞ்சிருந்தா அனுப்பியிரிப்பனா?”

வெளியே வந்ததும் முனாப் விரலை மடக்கினான். “ஹாஜியார் இல்ல. கள்ளன் எண்டா தொண்டையோட வந்திரிப்பார்.”

“சரியாச் சொன்னாய்.”

“அப்ப ஆர்?”

“தெரியா.”

“இந்தத் ‘தெரியா’வ எங்கட விசிட்டிங் காட்டில போட்டா நல்லம்.”

துறைக்கு வந்தார்கள். வெயில் சாய்ந்து வாவி வெள்ளித் தகடாகக் கிடந்தது. இரவுத் தொழிலுக்குத் தோணிகள் ஆயத்தமாகிக்கொண்டிருந்தன. வலையை அடுக்கினார்கள். விளக்கைத் துடைத்தார்கள். கூட்டத்துக்கு இருந்துவிட்டுப் போகிறவர்கள் கரையில் நின்றார்கள். மற்றவர்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். ஒருவரோடு ஒருவர் பேச்சே இல்லை.

யோகராசா முழங்கால் தண்ணீரில் நின்று தோணியைத் தள்ளினார். முனாபுக்குப் பழக்கமானவர். ஒரு காலைத் தூக்கித் தோணிக்குள் வைத்தார்.

“எங்க யோகண்ணன், தொழிலுக்கா?” என்றான் முனாப்.

யோகராசா அப்படியே நின்றார். வைத்த காலை எடுத்தார். தோணியைத் திரும்பக் கரைக்கு இழுத்தார். மணலில் குந்தினார். மடியிலிருந்து வெற்றிலையை எடுத்தார்.

“என்னண்ணன், போகல்லையா?”

“போக விட்டாய்தானே! கால் வைக்கக்குள்ள கேக்கிறாய். இனி இருந்து, வெத்திலை போட்டு, தண்ணி குடிச்சிட்டுத்தான் போகணும்.”

“நான் சும்மாதானே கேட்டன்?”

“சும்மா கேட்டாலும் கேள்வி கேள்விதான். போறவன எங்க போறாய் எண்டு கேட்டா வலைக்குள்ள பாசிதான் வரும்.” யோகராசா பாக்கைக் கடித்தார். “காத்தான்குடியில உங்கட உம்மா இதெல்லாம் சொல்லித் தரல்லையா?”

“சொன்னவ. நான் அண்டைக்கும் கேள்வி கேட்டிட்டு இருந்திருப்பன்.”

பக்கத்துத் தோணியில் நின்றவர்கள் முனாபின் வாயைப் பயத்தோடு பார்த்தார்கள். ஒருவர் தோணியை இருபது அடி அப்பால் தள்ளிக்கொண்டு போய் ஏறினார்.

உதயரூபன் அதைப் பார்க்கவில்லை. அவன் யோகராசாவின் தோளுக்கு மேலாக மண்டபத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். தோணியில் கால் வைக்கிற இடத்துக்கு நேரே டிவி. முனாப் வரும்போது திறந்து விட்டுவந்த கார் விளையாட்டு அதில் இன்னும் தெரிந்தது. இங்கிருந்தே ஓட்டலாம் போலிருந்தது.

மெல்ல வந்து யோகராசாவின் பக்கத்தில் குந்தினான்.

“அண்ணன், இப்ப நீங்க போகல்ல. அதால கேக்கலாம்தானே?”

“இப்ப கேளுங்க, தம்பி. இருக்கக்குள்ள எவ்வளவும் கேக்கலாம்.”

“அந்தப் பலகை உங்களிட்ட ஏதும் கேட்டிரிக்கா?”

யோகராசாவின் வாய் மெல்லுவதை நிறுத்தியது. “ஆர் சொன்ன?”

“ஆரும் சொல்லல்ல.”

“அதையேன் கேக்கிறீங்க. முந்தி இங்கிலிசில என்னமோ வரும், போகும். நமக்கென்ன. இந்தப் புள்ள வந்து எல்லாத்தையும் தமிழாக்கினா. அருமையான வேல, பொய் சொல்லப்படாது. விலை விளங்கிச்சு. நிறை விளங்கிச்சு. கேள்வியும் விளங்கிச்சு.”

“என்ன கேள்வி?”

“வந்த புதுசில அவ பின்னேரத்தில இருந்து புதுசு புதுசா என்னமோ போடுவா. காலையில ஏலம் ஓடுது, கைவைக்க ஏலாதாம். நாங்க வெளிக்கிடுறதும் பின்னேரம். தோணியில கால் வைப்பம். நிமிந்து பாத்தா, சுவரளவு எழுத்தில கேக்கும்.” யோகராசா குரலை அரசாங்க அறிவித்தல் மாதிரி மாற்றினார். “‘தொடர விரும்புகிறீர்களா?’”

முனாப் வாயைப் பொத்திக்கொண்டு மணலில் விழுந்தான்.

“சிரிக்காத! அண்டைக்கு அரைவாசித் தோணி போகல்ல. மற்ற நாள் திரும்பவும் கேட்டிச்சு. அதுக்குப் பிறகும் கேட்டிச்சு.”

“வதனிட்ட சொல்லியிரிக்கலாமே?”

“படிச்ச புள்ள, தம்பி. சிரிக்கும். இந்தா, இவன் சிரிக்கிறான் பாருங்க, இவன் படிக்கவும் இல்ல.”

“பிறகு என்ன செஞ்சீங்க?”

“ரெண்டு ஆணி அடிச்சு என்ட சாரத்தால மூடினம். வெயிலுக்கு எண்டு சொன்னம்.”

உதயரூபன் பையிலிருந்து நீல நூலை எடுத்தான். யோகராசா உடுத்தியிருந்த நீலக் கட்டம் போட்ட சாரத்தின் ஓரத்தோடு வைத்துப் பார்த்தான். அதில் இரண்டு ஓட்டைகள், டிவியின் அகலத்துக்கு.

“சாட்சியத்த உடுத்திரிக்கார்,” என்றான் முனாப். “தனோஜன் அண்ணனுக்குச் சொல்லாதீங்க. அலுமாரியில வெச்சுப் பூட்டிருவார்.”

“சாரம் ஏன் திரும்பி வந்தது?” என்று கேட்டான் உதயரூபன்.

“இனித் தேவையில்ல, அது இனிக் கேக்காது எண்டு கொண்டுவந்து தந்தாங்க. ஐப்பசியில.”

“ஆர் தந்த?”

யோகராசா வெற்றிலையைத் துப்பிவிட்டு ஒரு பெயர் சொன்னார்.

முனாப் விசிலடித்தான். பிறகு, இத்தனை வருடத்தில் முதல் தடவையாக, ஒரு பகிடியும் விடவில்லை.

கூட்டம் தொடங்கிவிட்டது. தோணிக்காரர்கள் தரையில் இருந்தார்கள். எல்லாருக்கும் அவசரம். வெளிச்சம் இருக்கும்போதே இறங்க வேண்டும். கனகசிங்கம் நடுவில். தனோஜன் எழுந்து நின்று வாசித்தார்.

“தொழில்நுட்ப உதவியாளர் செல்வி வதனி, சங்கத்தின் மென்பொருளை வேண்டுமென்றே அழித்தமையால்...”

“இல்ல,” என்றார் கனகசிங்கம்.

“இன்னும் முடிக்கல்ல, தலைவர்.”

“முடிச்சாலும் இல்லதான். இந்தத் தம்பி கதைக்கட்டும்.”

உதயரூபன் எழுந்தான். சுருக்கமாகச் சொன்னான். கணினி கேட்கவில்லை. கேட்காதபடி ஒருவர் ஒரு வரி எழுதியிருந்தார். வதனிக்கு அது தெரியாது.

“தெரியாது எண்டு எப்பிடித் தெரியும்?” தனோஜன்.

“யோகண்ணன், கொஞ்சம் எழும்புங்க.”

யோகராசா எழுந்தார். உதயரூபன் சாரத்தின் இரண்டு ஓட்டைகளையும் சுவரின் இரண்டு ஆணிகளையும் காட்டினான். சபையில் பலர் தரையைப் பார்த்தார்கள். யாருக்கும் புதிய செய்தி இல்லை. வதனிக்கு மட்டும்தான்.

“பலகை கேள்வி கேக்கும் எண்டு பயந்து இதால மூடினீங்க. இவ வெயிலுக்கு எண்டு நம்பினா. இவ அந்த வரிய எழுதியிருந்தா, துணி ஏன் போச்சு எண்டு தெரிஞ்சிரிக்கணும். எனக்கு இவ சொன்னது, ‘பிறகு விட்டுட்டாங்க’. அவ்வளவுதான். ஆனா ஒரு ஆள் இந்தச் சாரத்த ஆணியில இருந்து எடுத்து, மடிச்சு, யோகண்ணன்ட கையில குடுத்திரிக்கார். ‘இனி அது கேக்காது’ எண்டு சொல்லியிரிக்கார். கேக்காது எண்டு அவருக்கு எப்பிடித் தெரியும்?”

உதயரூபன் டிவியின் பக்கம் திரும்பினான்.

“வாய அடைச்சவருக்குத்தான் தெரியும்.”

“ஆர் அது?” தனோஜனின் பேனா தாளில் தயாராக நின்றது.

“என்னை இந்த வேலைக்குக் கூப்பிட்ட ஆள்.”

எல்லாத் தலைகளும் நடுக் கதிரைக்குத் திரும்பின.

கனகசிங்கம் மறுக்கவில்லை. வெட்கப்படவும் இல்லை. அவருக்கு விளங்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

“ஓம். நான்தான் கேள்விய நிப்பாட்டினன். அதுக்கென்ன?”

“அண்ணன்,” முனாப் காதோரம் சொன்னான், “ஓம் சொல்லிட்டார். சாட்சிக்கு ஆள் நிறைய இரிக்கு.”

“இவவுக்கு முதல் இங்க வேல செஞ்ச ரதீஸ், இப்ப கட்டார்ல நிக்கிறான்,” என்றார் கனகசிங்கம். “அவனுக்குப் போன் எடுத்தன். அதுட வாய மூடு மகன் எண்டன். அவன் ஒவ்வொரு எழுத்தாச் சொன்னான். நான் ஒவ்வொரு எழுத்தா அடிச்சன், இந்த விரலால. கேள்வி நிண்டுட்டு. சாரத்தக் குடுத்திட்டன். கூறு அழிஞ்சதுக்கும் அதுக்கும் என்ன?”

வதனி எழுந்து அவர் அருகே வந்தாள்.

“நீங்க கேள்விய நிப்பாட்டல்ல, தலைவர். பதில முன்கூட்டியே குடுத்து வெச்சிரிக்கீங்க. அது என்ன கேக்க வந்தாலும், கேக்க முதலே ஓம்.”

“ஓமா?” கனகசிங்கம் கதிரையிலிருந்து பாதி எழுந்தார். “நான் எங்க ஓம் சொன்னன்? பேசாம இரு எண்டுதானே சொன்னன். பேசாட்டி இல்ல எண்டுதானே?”

“உங்களுக்கு அப்பிடி. அதுக்கு அப்பிடி இல்ல. பேசாம இரு எண்டா, எல்லாத்துக்கும் சரி எண்டு எடுத்துக்கும். நேத்து அது ‘கூறு’வத் தூக்கவா எண்டு கேக்க வந்திரிக்கு. நீங்க ஐப்பசியிலயே சரி எண்டு சொல்லி வெச்சிட்டீங்க.”

கனகசிங்கம் மெல்ல உட்கார்ந்தார். வாழ்நாள் முழுதும் இல்லை என்று சொல்லிச் சேர்த்த மரியாதை முழுவதும் ஒரு வரியில் போய்விட்ட மாதிரி இருந்தது. பிறகு வேறொன்று உறைத்தது. தனோஜன் கையிலிருந்த தாளைப் பார்த்தார்.

“இந்தப் புள்ளயயா பொலிசுக்கு அனுப்பப் பாத்தம்?” என்றார். “தனோஜன், அதுல பேர வெட்டு. என்ட பேரப் போடு.”

“தலைவர நீக்கச் சங்க யாப்பு விதியில இடமில்ல, தலைவர்.”

“ஒரு கோடும் ஒரு எழுத்தும் போட்டுப் பாருங்க,” என்றான் முனாப்.

பின்வரிசையில் யாரோ சிரித்தார். பிறகு எல்லாரும். கனகசிங்கம் சிரிக்கவில்லை. வதனியும் சிரிக்கவில்லை.

“ஏன் என்னட்ட ஒரு சொல்லுச் சொல்லல்ல?” என்று கேட்டாள்.

கனகசிங்கம் தன் விரலைப் பார்த்தார். “படிச்ச புள்ள. சிரிப்பாய் எண்டு...”

“எங்கட அப்பா வட்டைக்கு வெளிக்கிடக்குள்ள நாங்க ஒருத்தரும் வாய் தொறக்க மாட்டம். எங்க போறீங்க எண்டு கேட்டா மம்பெட்டிய வெச்சிட்டு இருந்திருவார். அண்டைக்கு வயல் வேல இல்ல. நான் ஏன் சிரிக்கிறன்?” அவள் குரல் உயரவில்லை. “சொல்லியிருந்தா நேரத்த மாத்தியிரிப்பன். மத்தியானம் ஏலமும் இல்ல, தோணியும் போகாது. அப்ப அது எவ்வளவு கேள்வியும் கேட்டிட்டுக் கிடக்கட்டும்.”

தரையில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். இவ்வளவு லேசா என்பது மாதிரி.

“அப்ப நிரந்தரம்,” என்றார் கனகசிங்கம். “ஆர் விருப்பம்?”

கைகள் எழுந்தன. தனோஜனின் கை கடைசியாக, மணிக்கட்டு வரைக்கும்.

“சரி. தோணிய எடுங்க. நேரம் போகுது.”

அவர்கள் எழுந்து போனார்கள். ஒருவரும் ஒருவரிடமும் எதுவும் கேட்கவில்லை. முனாப் தன் வாயைத் தானே கையால் பொத்திக்கொண்டு தூணோடு நின்றான். யோகராசா போகிற வழியில் அவனைப் பார்த்துத் திருப்தியோடு தலையாட்டினார்.

வதனி கணினியின் முன் உட்கார்ந்தாள். முதலில் அந்த ஒற்றை வரியை அழித்தாள். பிறகு கைகளை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். கடைசித் தோணியும் கண்டல் மரங்களுக்கு அப்பால் மறைந்தது. அதற்குப் பிறகுதான் கட்டளையை அடித்தாள். பலகை கேட்டது. சரி என்றாள். கூறு திரும்பி வந்தது.

கனகசிங்கம் பின்னால் நின்றுகொண்டிருந்தார். “அப்ப சரிதானே, புள்ள? நாளையில இருந்து நிரந்தரம்.”

“நீங்க எல்லாரும் கை தூக்கினீங்க. என்னட்ட ஒருத்தரும் கேக்கல்ல.”

தலைவர் தொண்டையைச் செருமினார். “நிண்டு வேல செய்வியா?”

வதனி எழுந்து கதிரையை அவர் பக்கம் தள்ளினாள். “இருங்க. காலையில எல்லாருக்கும் முன்னால என்னைக் கள்ளி எண்டாங்க. வியாபாரிகளும் நிண்டாங்க. இப்ப பிழை உங்கட எண்டு சொன்னது இந்த மண்டபத்துக்குள்ள மட்டும். நான் சொல்றத அடிங்க. ஒவ்வொரு எழுத்தா.”

கனகசிங்கம் உட்கார்ந்தார். விரலை நீட்டினார். அவள் சொன்னாள். அவர் தேடித் தேடி அடித்தார். உதயரூபனும் முனாபும் வாசலில் நின்று பார்த்தார்கள். வாவியைப் பார்த்த சுவரில் எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்தன.

‘பலகை நின்றதற்குக் காரணம் நான். வதனி அல்ல. தலைவர், கனகசிங்கம்.’

தனோஜன் டிவியை அணைக்கக் கை நீட்டினார். வதனி அந்தக் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

“கிடக்கட்டும். விடியக்குள்ள திரும்பி வாற தோணியெல்லாம் இதுக்கு நேரதான் வரும். எல்லாரும் வாசிச்சுக்கொண்டு வரட்டும்.” கைப்பையைத் தோளில் மாட்டினாள். “பிறகு சொல்றன், தலைவர், நிக்கிறனா இல்லையா எண்டு.”